கவுண்டருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள முகிலனுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது. வசூல் ஆப்பின் சப்போர்ட் வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதத்தில், ஒரு வாரத்துக்குள் நாற்பது புகார் டிக்கெட்டை குளோஸ் செய்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். கேட்கிற எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் சிரித்துக்கொண்டே, "பாதிக்கு மேல யூசர் எரர்தான் பெரியம்மா. ஆப்பை ஒழுங்கா அமுக்கத் தெரியாம, பணம் குறையுதுன்னு போன் பண்றாங்க" என்றாய். பட்டுக்கோட்டைப் பக்கம் மகளிர் குழுக்களில் கடன் தவணை வசூலிக்கிற ஒரு பெண், 6,200 ரூபாய் குறைகிறது என்று ஒரே நாளில் நான்கு தடவை கூப்பிட்டதைச் சொன்னாய். அந்தக் குறைவை யார் கட்டுவார்கள் என்று கேட்டேன். "அவங்க சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. அது ஃபைனான்ஸ் கம்பெனி பாலிசி. நமக்குச் சம்பந்தமில்லை" என்றாய்.

போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உனக்கு அடுத்த கால் வந்துவிட்டது. நானும் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்று விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவள் நான். அதில் பாதி கேஷ் கவுண்டரில். சாயந்திரம் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் வயிற்றில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நூறு ரூபாய் நோட்டுக் கட்டை ஐந்து தடவை எண்ணுவோம். மேஜைக்கு அடியில் குனிந்து பார்ப்போம். காலையில் வந்த ஒவ்வொரு முகமும் கண்முன் வரும். அந்தப் பெண் நான்கு தடவை கூப்பிட்டாள் என்று நீ சொன்னபோது, அவள் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் எத்தனை முறை எண்ணியிருப்பாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

உன் வேலைக்கு ரொம்பவும் பக்கத்தில் இருக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நடந்தது. அங்கே ஊர்ப்புறங்களில் தபால் நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கடைக்குள் இருக்கும் கவுண்டர்தான். பாலும் ரொட்டியும் வாழ்த்து அட்டையும் விற்கிற கடைக்காரரே தபால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சப்-போஸ்ட்மாஸ்டராக இருப்பார். பென்ஷன் கொடுப்பது, ஸ்டாம்பு விற்பது எல்லாம் அவர் பொறுப்பாக இருந்தது. கணக்கில் பணம் குறைந்தால் அதுவும் அவர் தலையில்தான் விழுந்தது. 1999 முதல் இந்தக் கவுண்டர்களுக்கெல்லாம் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் அமைப்பு வந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் நடத்திய அமைப்பு. அதுவரை காகிதத்தில் கணக்கு எழுதியவர்கள் திரையைப் பார்த்து முடிக்க ஆரம்பித்தார்கள். பல ஊர்களில் பணம் குறைய ஆரம்பித்ததும் அப்போதுதான்.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூர். ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி அங்கே கடை வைத்திருந்தார். ஒரு நாள் 2,000 பவுண்டு குறைவதாகத் திரை காட்டியது. உதவி மையத்துக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்னபடி ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் கண்முன்னாலேயே குறைவு இரண்டு மடங்காகி 4,000 என்று நின்றது. இந்த மாதிரி ஏறி ஏறி, 36,000 பவுண்டு திருடினார் என்று வழக்கு வந்தது. சிறைக்குப் போகாமல் தப்பிக்க, பொய்க் கணக்கு எழுதினேன் என்ற சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அவரை நேரில் தெரிந்தவர்களுக்கு அவர் திருடவில்லை என்று தெரிந்திருந்தது. கம்ப்யூட்டரை நம்பியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சர்ரே மாவட்டத்தில் வெஸ்ட் பைஃப்லீட் என்ற இடத்தில் கடை நடத்திய சீமா மிஸ்ரா, நம் நாட்டு வம்சாவளிப் பெண். 74,000 பவுண்டு குறைவு என்றார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இயந்திரத்தில் தவறு இருக்கலாம் என்று நீதிமன்றத்தில் நின்று சொன்னார். 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அன்றைக்கு அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். வயிற்றில் எட்டு வாரக் குழந்தை.

இப்படி ஒன்றிரண்டு பேர் இல்லை, முகிலா. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். அதில் 700 பேர் அளவில் தபால் நிறுவனமே நேரடியாக வழக்குத் தொடுத்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பணத்தைப் பறிகொடுத்தவனே போலீஸாகவும் அரசு வக்கீலாகவும் வந்து நின்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். வழக்குக்குப் போகாமல், வீட்டை அடமானம் வைத்தும் தாய்தந்தையிடம் கடன் வாங்கியும் கையிலிருந்து கட்டியவர்கள் இன்னும் எத்தனையோ பேர். இதை விசாரித்த ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று சொல்கிறது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சாஃப்ட்வேரில் தவறு இருப்பது பெரிய பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர் செய்கிற எதிலும் தவறு வரும். லெட்ஜர் காலத்திலும் வந்தது. ஆனால் தவறு வந்த பிறகு உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீ பார்க்க வேண்டும். நீயும் இப்போது உள்ளே இருப்பவன்.

ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரின் பெயரால் ஒரு தவறு உண்டு. ஒரு கிளையிலிருந்து துணைக் கிளைக்குப் பணம் கொண்டுபோனதைப் பதியும்போது திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். பணியாளர் என்ன செய்வார்? நீயும் நானும் செய்வதைத்தான் செய்வார், என்டரை மறுபடி அமுக்குவார். உறைந்த திரைக்குப் பின்னால் ஒவ்வொரு அமுக்கலும் தனித்தனி வரவாகப் பதிந்துகொண்டிருக்கும். 8,000 பவுண்டு நான்கு தடவை பதிந்து, 24,000 பவுண்டு குறைவு என்று அவர் தலையில் விழுந்தது. உன் பாஷையில் இது என்ன? யூசர் எரரா? அமுக்கியது அவர்தானே என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடலாம். மூடினால் கணக்கும் சரியாகிவிடும், உனக்கு நாற்பத்தொன்று ஆகும்.

இன்னொன்று சொல்கிறேன். ஃபுஜிட்சுவில், தெரிந்த பிழைகளை எழுதி வைக்கிற பதிவேடு ஒன்று இருந்தது. எந்தச் சூழ்நிலையில் எந்தத் தவறு வரும், எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்டது. அதே நேரத்தில் உதவி மையத்துக்குக் கூப்பிட்ட பலருக்கு, உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாருக்கும் வரவில்லை என்று பதில் கிடைத்திருக்கிறது. ஒரு கட்டடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னொரு கட்டடத்தில் இல்லை என்கிறார்கள். நடுவில் ஒருத்தி ராத்திரி முழுக்கத் தூங்காமல், நான்தான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் போலிருக்கிறது என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "உங்களுக்கு மட்டும்தான்" என்பது மாதிரி ஒரு மனிதரைத் தனிமைப்படுத்தும் வார்த்தை வேறு இல்லை. தயவுசெய்து அதை யாரிடமும் சொல்லாதே. உண்மையாகவே ஒருவருக்கு மட்டும் வந்திருந்தாலும் சொல்லாதே.

கிளைக் கணக்குகளை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்றும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பொய். ஃபுஜிட்சு ஊழியர்கள் தூரத்திலிருந்தே உள்ளே போய்க் கணக்கைத் திருத்த முடிந்தது, திருத்தவும் செய்தார்கள். இதை வெளியே சொன்னவர் ரிச்சர்ட் ரோல். அங்கே சப்போர்ட் பிரிவில் வேலை பார்த்தவர். ஆமாம், உன்னுடைய அதே வேலை. 2015-ல் பிபிசி நிகழ்ச்சியில் பேசினார், 2019-ல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஆலன் பேட்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு சப்-போஸ்ட்மாஸ்டர், 2003-ல் தன் கடையின் தபால் ஒப்பந்தத்தை இழந்ததிலிருந்து விடாமல் ஆள் சேர்த்து, 555 பேரோடு வழக்குப் போட்டவர். அந்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவற்றால் கணக்கில் குறைவு வந்திருக்க முடியும் என்று தீர்ப்பு எழுதினார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024-ல் இதைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து நாடே கொதித்த பிறகுதான், மீதிப் பேரை விடுவிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் நிறையப் பேர் செத்தும் போய்விட்டார்கள்.

இவ்வளவு தூரத்தில் நடந்ததை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். நானும் ஒரு தடவை கம்ப்யூட்டரை நம்பியவர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

1998 என்று நினைவு. நான் வேலை பார்த்த கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி எங்களுக்கெல்லாம் ஒரு பிரமிப்பு. ஒரு நாள் ஒரு வயசான அம்மா வந்தார்கள். 4,000 ரூபாய் கட்டினேன், பாஸ்புக்கில் ஏறவில்லை என்றார்கள். திரையில் பார்த்தேன், இல்லை. செலான் அடிக்கட்டை எங்கே என்றேன். தொலைந்துவிட்டது என்றார்கள். "கம்ப்யூட்டர்ல இல்லைம்மா. நீங்க கட்டியிருந்தா இருக்கும்" என்றேன். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னேன். அவர்கள் மூன்று நாள் தொடர்ந்து வந்தார்கள். மூன்றாவது நாள் தூரத்தில் அவர்களைப் பார்த்ததுமே நான் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் வந்து, என் கணக்கில் நான் போடாத 4,000 ரூபாய் இருக்கிறது, என்னவென்று பாருங்கள் என்றார். கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிப் பதிந்திருந்தது. அன்றைய வவுச்சர் கட்டைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். வவுச்சர் கட்டு என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே இருந்தது. மூன்று நாளும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயந்திரம் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். பணம் சேர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பணத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இதை என் மவன்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா" என்றார்கள். அந்த மூன்று வாரமும் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகன் வேலையிலிருந்து வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால்தான் உன்னிடம் இதைக் கேட்கிறேன். உன்னிடமும் ஒரு அலமாரி இருக்கிறது. லாக் என்கிறீர்கள். எந்த நேரத்தில் எந்தப் பொத்தான் அமுங்கியது, சிக்னல் போய்த் திரும்ப வந்ததா, ஒரே ரசீது இரண்டு தடவை பதிந்ததா, எல்லாம் அதில் இருக்குமாம். பட்டுக்கோட்டைப் பெண்ணுக்கு அந்த அலமாரியின் சாவி கிடையாது. ஃபைனான்ஸ் கம்பெனிக் கிளை மேனேஜருக்கும் கிடையாது. உன்னிடம்தான் இருக்கிறது. பிரிட்டனில் அந்தக் கடைக்காரர்கள் பட்ட கஷ்டத்துக்கு அடியில் இருந்ததும் இதுதான். குறைவைக் கட்டு என்று சொன்னவனிடம்தான் கணக்கும் இருந்தது, ஆதாரமும் இருந்தது.

நீ அலமாரியைத் திறந்து பார்த்து, உண்மையிலேயே அவள் தவறாக அமுக்கியிருந்தால் அப்படியே எழுது. அதிலும் ஒரு வார்த்தை கவனி. "நான் பார்த்தேன், பிழை இல்லை" என்பது வேறு, "நான் பார்க்கவில்லை" என்பது வேறு. வேலை நெருக்கடியில் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதை எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. பார்க்க நேரமில்லை என்றால் அப்படியே எழுதி வை. நாற்பது முப்பதாகக் குறைந்தால் குறையட்டும்.

மேலே இருப்பவர்களிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதே. 2013 ஜூலையில் தபால் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஒரு வழக்கறிஞர், தங்கள் நிபுணர் சாட்சி தனக்குத் தெரிந்த பிழைகளை நீதிமன்றத்தில் மறைத்திருக்கிறார், இனி அவரை நம்ப முடியாது என்று எழுத்தில் கொடுத்தார். அப்போது அது அமுங்கிப்போனது. ஏழு வருஷம் கழித்து மேல்முறையீட்டின்போது அந்தக் காகிதம் வெளியே வந்து, பலபேர் விடுதலைக்குப் பலமாக நின்றது. அன்றைக்கு அவர் காபி குடிக்கும்போது யாரிடமாவது பேசிவிட்டுப் போயிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். உன் மேலாளர் நல்லவராகவே இருக்கலாம். அவரோடு சண்டை போடு என்று நான் சொல்லவில்லை. வேலையை உதறிவிட்டு வா என்றும் சொல்லவில்லை. வீட்டுக் கடனுக்கு நீதான் தவணை கட்டுகிறாய் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: இந்தத் தேதியில் இந்தப் புகார்களைப் பார்த்தேன், ஒரே மாதிரி இருக்கின்றன, சாஃப்ட்வேரில் பிழை இருக்கலாம் என்று சந்தேகம். அவ்வளவுதான்.

சட்டமும் உன்னைத் தேடி வரும் என்பதைத் தெரிந்துகொள். இங்கிலாந்தில் 1984-ம் வருஷச் சட்டப்படி, கம்ப்யூட்டர் தந்த ஆவணத்தைச் சாட்சியமாகக் காட்டினால் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டியிருந்தது. அது வீண் சிரமம் என்று 1999-ல் நீக்கிவிட்டார்கள். அப்புறம் இயந்திரம் சரியாகத்தான் இருந்திருக்கும் என்பதே நீதிமன்றத்தின் தொடக்க நினைப்பு ஆகிவிட்டது. ஹொரைசன் கடைகளுக்கு வந்ததும் அதே காலம். நம் நாட்டில் அப்படியில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-வது பிரிவும் அதையே கேட்கிறது. கூடவே ஒரு நிபுணரின் கையெழுத்தும் வேண்டும். என்றைக்காவது ஒரு வசூல் ஊழியர் மேல் கையாடல் வழக்குப் போட்டு, இந்தப் பதிவுகள் சரி என்று ஒரு காகிதத்தை உன் மேஜையில் வைத்து, ஒரு கையெழுத்துதானே தம்பி என்பார்கள். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்குமுன் ஒரு நாள் அவகாசம் கேள்.

இது தபால் கவுண்டரோடு நிற்கிற விஷயமும் இல்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பெற்றோர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று முத்திரை குத்திப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்களைச் சந்தேகப் பட்டியலில் முன்னே தள்ளினார்கள். அதற்காக 2021 ஜனவரியில் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் அரசு உதவித்தொகை வாங்கிய ஏழைகளின் வருஷ வருமானத்தைச் சராசரி போட்டு, வாங்காத கடனுக்கு இயந்திரமே கடிதம் அனுப்பியது. ஊர்தான் வேறு. கடிதம் வந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்க ஆளில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆப்பில் சாயந்திரம் கணக்கு முடிக்கிற திரையை எனக்குக் காட்டு. ஹொரைசனில் 2005-க்கு முன் ஒரு வசதி இருந்தது. குறைவு ஒத்துப்போகவில்லை என்றால் அதைத் தனிக் கணக்கில் நிறுத்தி வைக்கலாம். அதை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கடைக்காரருக்குத் திரையில் இருந்த வழிகள் எல்லாம், ஒத்துக்கொள்கிறேன், எப்படிக் கட்டுகிறேன் என்பது பற்றியவைதான். நான் இதை ஏற்கவில்லை என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. ஒத்துக்கொள்ளாமல் கணக்கை முடித்து அடுத்த மாதத்துக்குப் போகவும் முடியாது. நீதிபதி ஃப்ரேசர் இதைத் தனியாகக் குறிப்பிட்டார். கடையைத் திறந்தாக வேண்டுமே என்று அமுக்கியவர்களைத்தான் பின்னால், நீயே ஒத்துக்கொண்டாய் பார் என்று கூண்டில் ஏற்றினார்கள். யாரோ ஒரு பொறியாளர், யாரோ சொன்னபடி, ஒரு மத்தியான வேலையாக அந்தப் பொத்தானை எடுத்திருப்பார். அவருக்கு யார் மேலும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

உங்கள் திரையில் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறதா? இல்லை என்றால் அடுத்த கூட்டத்தில் கேள். பெரிய நெறிமுறைப் பேச்சாகப் பேச வேண்டாம், பொத்தான் எங்கே என்று மட்டும் கேள். யாராவது தூரத்திலிருந்து ஒரு ஊழியரின் கணக்கைத் திருத்தினால், திருத்தியது யார், எப்போது என்று அந்த ஊழியரின் போனிலேயே தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, பெரியப்பா உனக்கென்று நாலு தேங்காயை மட்டை உரிக்காமல் வைத்திருக்கிறார். அதற்குள் அந்த டிக்கெட்டைத் திரும்பத் திற. அன்றைக்கு அந்தப் பெண் எந்த ஊரில் வசூலித்தாள், அங்கே சிக்னல் இருந்ததா, எந்த ரசீதாவது இரண்டு தடவை பதிந்ததா என்று லாகில் பார். என்ன இருந்தாலும் சரி, அவளைக் கூப்பிட்டு நீயே சொல். 6,200 ரூபாயைப் பிடித்துவிட்டார்களா, பிடித்திருந்தால் திரும்பக் கிடைக்குமா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா